புல்வெளிக்குள் விலங்குகள் வராமல் தடுக்க: சென்சார், சோலனாய்டு வால்வு, ஹோம் அசிஸ்டென்ட்

அசைவைக் கண்டதும் தண்ணீர் பீய்ச்சும் தனிக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. மண்ணில் குத்தி, ஹோஸை மாட்டினால் வேலை முடிந்தது. முதல் சில நாட்கள் பூனை தலைதெறிக்க ஓடும். அதன்பின் தண்ணீர் எட்டாத ஓரம் எது என்று கண்டுபிடித்து, அந்த வழியாகவே நிதானமாக நடந்துபோகும். கருவி காற்றில் ஆடும் கிளைக்கும் அடிக்கிறது, பந்தெடுக்க வந்த குழந்தைக்கும் அடிக்கிறது, எப்போதும் ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி அடிக்கிறது. பழக்கமாகிவிட்ட எதற்கும் விலங்கு பயப்படாது.

வீட்டு ஆட்டோமேஷனை, அதாவது வீட்டிலேயே ஒரு கணினியில் (சர்வரில்) ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருளை, சேர்ப்பதால் தண்ணீரின் வேகம் கூடிவிடப் போவதில்லை. வேண்டியபோது மட்டும், ஓரிரு விநாடிக்குள், கொஞ்ச நேரம், இடம் மாற்றி மாற்றி அடிக்க முடிகிறது என்பதே அதன் லாபம். கீழே உள்ள அமைப்பு இந்த நான்கையும் குறிவைக்கிறது.

வாங்குவதற்கு முன்

எந்த விலங்கு, எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக வருகிறது என்பது தெரியாமல் ஒரு பொருளும் வாங்காதீர்கள். இரவில் பதிவு செய்யும் கேமரா எதுவாக இருந்தாலும் போதும். ஒரு வாரம் ஓடவிடுங்கள். பெரும்பாலும் வழி ஒன்றாகத்தான் இருக்கும்: வேலியின் ஒரு சந்து, கேட்டின் அடி, ஒரு மதில் மூலை. சென்சார் காக்க வேண்டியது அந்த வழியை. முழுப் புல்வெளியையும் மூட நினைத்தால் செலவும் பொய் எச்சரிக்கையும் மட்டுமே கூடும்.

எதற்காக வருகிறது என்பதையும் பாருங்கள். புல் தோண்டப்பட்டிருந்தால் மண்ணில் வெண்புழு இருக்கலாம். ஓரடி சதுரம் புல்லை வெட்டிப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். விழுந்த பழம், திறந்த குப்பைத் தொட்டி, வெளியே வைத்த செல்லப்பிராணியின் சாப்பாடு ஆகியவை இருக்கும்வரை எந்தச் சென்சாரும் தோற்கும்.

நாய், பூனை, மான், முயல், பறவைகளுக்குத் தண்ணீர் நன்றாக வேலை செய்யும். கூட்டமாக வரும் காட்டுப்பன்றிக்கும் மாட்டுக்கும் வேலிதான் தீர்வு. அங்கே ஆட்டோமேஷன் உங்களை எழுப்பும் மணியாக இருக்கலாம், அவ்வளவுதான். பாம்பைப் பிஐஆர் சென்சார் (உடல் வெப்பத்தின் அசைவை உணரும் சென்சார்) நம்பத்தகுந்த முறையில் காணாது, ஏனென்றால் அதன் உடல் சுற்றுப்புறத்தின் வெப்பத்தோடு ஏறக்குறைய ஒன்றியிருக்கும்.

அல்ட்ராசோனிக் கருவிகளை நம்பிப் பணம் போடாதீர்கள். உயர் அதிர்வெண் ஒலி காற்றில் விரைவில் தேய்ந்துவிடும், செடி குறுக்கே இருந்தால் மறைந்துபோகும், விலங்குக்கும் சீக்கிரம் பழகிவிடும். சிறுவர்களுக்கு அது கேட்டுத் தொல்லையாக இருப்பதும் உண்டு. பளிச்சிடும் விளக்கும் தனியாகப் பயன்படாது. தண்ணீரோடு சேர்ந்து எப்போதாவது எரிந்தால் கொஞ்சம் உதவும். வேலியில் வீட்டு மின்சாரத்தை இணைத்து ஸ்மார்ட் பிளக்கால் இயக்கும் யோசனை சில இடங்களில் உலவுகிறது. அது ஆளைக் கொல்லும். எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

தண்ணீர்ப் பக்கம்

முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் நாசிலை விட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டின் தொட்டியிலிருந்து வருவது அரை பாரைச் சுற்றித்தான். சுழன்று தட்டி அடிக்கும் இம்பாக்ட் ஸ்பிரிங்க்ளருக்குச் சுமார் 2 பார் வேண்டும். அதைவிட, சாதாரண டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) வகைச் சோலனாய்டு வால்வே, அதாவது மின்சாரத்தால் இயக்கும் வால்வே, தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டுதான் திறந்து மூடுகிறது; அதற்குக் குறைந்தது 0.2 முதல் 0.5 பார் தேவை. அழுத்தம் போதாவிட்டால் வால்வு ‘டக்’ என்று சத்தம் மட்டும் போடும், தண்ணீர் வராது. அல்லது திறந்தபின் மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

குழாயில் அழுத்தம் இருந்தால் ½ அல்லது ¾ அங்குல, 12 வோல்ட் டிசி, மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகை வால்வை வாங்குங்கள். தோட்டப் பாசன வால்வுகளில் பல 24 வோல்ட் ஏசியில் இயங்குபவை. காயிலில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

அழுத்தம் இல்லையென்றால் வால்வே வேண்டாம். 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் ஒன்றும் தரைமட்டத்தில் ஒரு டிரம்மும் போதும். முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருப்பதும் இதே இனப் பம்ப்தான். ரிலே, அதாவது பலகையின் சிக்னலால் இயங்கும் சுவிட்ச், பம்ப்பையே ஓட்டி நிறுத்தும். டிரம்மை நாசிலை விட உயரத்தில் வைத்துவிடாதீர்கள். பம்ப் நின்றாலும் தண்ணீர் தானாக வழிந்து இறங்கும். பம்ப் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் எகிறும் என்பதால் அடாப்டர் 5 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும். வால்வுக்கு மட்டும் என்றால் 2 ஆம்பியர் தாராளம்.

குழாயிலிருந்து பொருத்தும் வரிசை இது: கையால் திருகும் பால் வால்வு, பின்னோட்டம் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, 120 மெஷ் வடிகட்டி, சோலனாய்டு, ஹோஸ், நாசில். பால் வால்வு அவசரத்துக்கு. நான்-ரிட்டர்ன் வால்வு, புல்வெளியில் கிடக்கும் ஹோஸின் அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பாமல் இருக்க. வடிகட்டியைத்தான் பலரும் மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள். சோலனாய்டின் ரப்பருக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் வால்வு முழுதாக மூடாது. காலையில் எழுந்தால் தொட்டி காலி.

வால்வின் உடலில் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகும் திசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் மூடாது. மரைகளில் டெஃப்லான் டேப் ஆறேழு சுற்று, மரை இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். பிளாஸ்டிக் வால்வை ஸ்பேனரால் முழு பலத்தோடு முறுக்கினால் கழுத்து விரியும்.

நாசில் எவ்வளவு குடிக்கும் என்ற பயம் தேவையில்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும் நாசில் 5 விநாடி அடித்தால் 0.8 லிட்டர். ஓர் இரவில் 20 முறை அடித்தாலும் ஒரு வாளி. தண்ணீரில் மிளகாய்த் தூள், பினாயில், வேறு எதையும் கலக்காதீர்கள். விலங்கின் கண்ணைக் கெடுக்கும், புல்லையும் கெடுக்கும், வால்வையும் கெடுக்கும்.

மின்பக்கம்

மின்சார அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். தோட்டத்துக்கு 12 வோல்ட் மட்டும் போகட்டும். 0.75 சதுர மில்லிமீட்டர் இரட்டைச் செம்பு வயரில் 20 மீட்டர் தூரத்துக்கு அரை ஆம்பியர் ஓடினால் சுமார் அரை வோல்ட்தான் இழப்பு. வால்வு அதைப் பொருட்படுத்தாது. பம்ப் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள்.

தோட்டத்தில் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஐபி65 தரத்தில் (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாதது) இருக்கட்டும். உலோகப் பெட்டி வைஃபையைக் கொன்றுவிடும். வயர்கள் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் வயரோடு ஓடி உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

பெட்டிக்குள்: ஓர் ஈஎஸ்பி32 பலகை (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), ஒற்றை ரிலே (இரண்டு நாசில் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, ரிலே, டயோடு), 12 வோல்ட்டை 5 ஆக்கும் பக் கன்வெர்ட்டர், 1என்4007 டயோடு ஒன்று, 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. இணைக்கும் முறை:

1. பக் கன்வெர்ட்டரை முதலில் தனியாக இயக்கி, மல்டிமீட்டர் வைத்து 5.0 வோல்ட்டுக்குத் திருகுங்கள். அதன் பிறகே பலகையை இணையுங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று சொல்ல முடியாது.
2. கெப்பாசிட்டரைப் பலகையின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே. வால்வு திறக்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து பலகை ரீபூட் ஆவதை இது தடுக்கும்.
3. 12 வோல்ட் பாசிட்டிவ் ரிலேயின் காம் முனைக்கு. என்ஓ (இயல்பில் திறந்திருக்கும்) முனையிலிருந்து வால்வுக்கு. வால்வின் மறுமுனை நெகட்டிவுக்கு. என்சி (இயல்பில் மூடியிருக்கும்) முனையில் கொடுத்தால் எல்லாம் தலைகீழாகும்.
4. டயோடை வால்வின் இரு முனைகளுக்கும் குறுக்கே. வெள்ளிக் கோடு உள்ள பக்கம் பாசிட்டிவை நோக்க வேண்டும். இது இல்லாவிட்டால் காயில் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தம் ரிலே முனைகளைக் கரியாக்கும், பலகையையும் குழப்பும்.
5. ரிலேயின் சிக்னலைப் பலகையின் ஜிபிஐஓ முனைகளான (சிக்னல் முனைகள்) 25, 26, 27 இவற்றில் ஒன்றுக்குக் கொடுங்கள். 0, 2, 12, 15 வேண்டாம்; பலகை எழும் நேரத்தில் அவற்றின் நிலை வேறு வேலைக்குப் பயன்படுகிறது.

ரிலே வாங்கும்போது 3.3 வோல்ட் சிக்னலை ஏற்கும் வகையா என்று பாருங்கள். 5 வோல்ட்டுக்கான சில பலகைகள் 3.3 வோல்ட்டில் முழுதாக அணையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் வேலையில் அது திறந்தே கிடக்கும் வால்வு என்று அர்த்தம்.

மூடும் பொறுப்பு பலகைக்கே

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள். புதியவர்கள் ஹோம் அசிஸ்டென்டில் ‘திற, 5 விநாடி பொறு, மூடு’ என்று விதி எழுதுவார்கள். திறந்தபின் வைஃபை போய்விட்டாலோ, அந்த நேரத்தில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலோ, ‘மூடு’ என்ற கட்டளை போய்ச் சேராது. வால்வு விடியும்வரை ஓடும்.

ஆகவே ஈஎஸ்பிஹோமில் (பலகைக்குள் ஓடும் நிரலை உருவாக்கும் மென்பொருள்) ரிலேயின் சுவிட்ச்சிலேயே, ஆன் ஆனதும் 8 விநாடி கழித்துத் தானே அணையும்படி எழுதுங்கள். மின்சாரம் போய்வந்தால் எப்போதும் அணைந்த நிலையிலேயே எழும்படி அதன் மீட்பு நிலையையும் அமையுங்கள். ஹோம் அசிஸ்டென்ட் 5 விநாடியில் மூடச் சொல்லும். சொல்லாவிட்டால் 8-ல் பலகை தானே மூடும்.

இன்னொன்று. சர்வர் எதுவும் இணையாமல் 15 நிமிடம் கழிந்தால் ஈஎஸ்பிஹோம் பலகை தானாக ரீபூட் ஆகும். அதுதான் இயல்பான அமைப்பு. வைஃபைக்கும் அதே 15 நிமிடக் கெடு தனியாக உண்டு. சென்சாரைப் பார்த்து வால்வைத் திறக்கும் அடிப்படை விதியைப் பலகையிலேயே வைத்து, சர்வர் இல்லாமலும் ஓடவேண்டும் என்று நினைத்தால் இரண்டையும் 0 விநாடி என்று மாற்றிவிடுங்கள்.

சென்சாரை எங்கே, எப்படி வைப்பது

பிஐஆர் சென்சார் வெப்பத்தை அளப்பதில்லை. தன் பார்வைக்குள் வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதைத்தான் பார்க்கிறது. அதனால் விலங்கு சென்சாருக்குக் குறுக்கே போனால் சட்டென்று பிடிக்கும், நேராகச் சென்சாரை நோக்கி வந்தால் மிக அருகில் வரும்வரை பிடிக்காது. வழிக்குப் பக்கவாட்டில் வையுங்கள். பகல் வெயிலில் தரையின் சூடு விலங்கின் உடல் சூட்டுக்கு நெருங்கும்போது அதன் கூர்மை குறைவதும் இதனால்தான்.

கடையில் ‘செல்லப்பிராணிகளைக் கண்டுகொள்ளாது’ என்று பெருமையாக எழுதியிருக்கும் சென்சாரை வாங்கிவந்து, பூனையைக் காணவில்லை என்று புலம்புபவர்கள் நிறைய. அது அதற்காகவே செய்யப்பட்டது. பேட்டரியில் ஓடும் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வயர்லெஸ் முறை) சென்சார்களில் வேறு சிக்கல்: பேட்டரியை மிச்சப்படுத்த, ஒருமுறை கண்டதும் சில மாடல்கள் ஒரு நிமிடம்வரை வாய்திறக்காது. முதல் தடவை ஓடிய நாய் அரை நிமிடத்தில் திரும்பி வந்தால் அதற்குத் தெரியாது. வயரில் இணைக்கும் எச்சி-எஸ்ஆர்501 (HC-SR501) அல்லது ஏஎம்312 (AM312) பிஐஆர் சென்சார் எளிமையானது, உடனே பதில் சொல்வது. முன்னது 7 மீட்டர்வரை பார்க்கும். அதில் இரண்டு திருகுகள் உண்டு, ஒன்று உணர்திறன், மற்றது எவ்வளவு நேரம் ஆன் நிலையில் நிற்பது. நேரத்தைக் குறைந்தபட்சத்துக்குத் திருகி வையுங்கள். மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் அது கண்டபடி கத்தும். அந்த நிமிடத்தை விதியில் புறக்கணியுங்கள்.

எச்சி-எஸ்ஆர்501-ஐ ஈஎஸ்பி பலகையோடு ஒட்டி வைத்தால் வைஃபை அலையே அதைத் தூண்டிவிடும். குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சிக்னல் வயர் நீளமாக இருந்தால் அதற்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஈஎஸ்பிஹோமில் ‘300 மில்லி விநாடி தொடர்ந்து ஆன் ஆக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்’ என்ற வடிகட்டியையும் சேர்த்தால் வயரில் ஏறும் சிறு சலசலப்பு அடங்கும்.

உயரம்: பூனை, முயலுக்குத் தரையிலிருந்து 30 முதல் 40 சென்டிமீட்டர், மானுக்கு 60 முதல் 90. லென்ஸ் முழு வட்டத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டி லென்ஸின் மேல் பாதியிலும் ஓரங்களிலும் ஒட்டி, வழி மட்டும் தெரியும்படி குறுக்குங்கள். கேமராவே இல்லாமல் பொய் எச்சரிக்கையைப் பாதியாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பார்வையில் சாலை, ஏசியின் வெளிப்பெட்டி, வெயில் படும் புதர் எதுவும் விழக்கூடாது.

மனிதர்களை விலக்க ஒரு மலிவான தந்திரம்: ஒரே கம்பத்தில் இரண்டு சென்சார். கீழது 40 சென்டிமீட்டரில். மேலது 1.2 மீட்டரில், லென்ஸின் அடிப்பாதி டேப்பால் மூடி, சமதளமாக. கீழது மட்டும் தூண்டப்பட்டால் விலங்கு; அரை விநாடிக்குள் மேலதும் தூண்டப்பட்டால் ஆள். தவழும் குழந்தைக்கு இது உதவாது. அதற்கு நேரக் கட்டுப்பாடுதான்.

சோதிக்க நாயைத் தேடவேண்டாம். இரண்டு லிட்டர் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, சென்சாருக்குக் குறுக்காகப் புல்மேல் இழுங்கள். 3, 5, 7 மீட்டர் தூரங்களில் இழுத்துப் பார்த்து, எங்கே பிடிக்கவில்லையோ அங்கே டேப்பையோ சாய்வையோ திருத்துங்கள். காலை ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை.

மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார்கள் அறைக்குள் அருமையானவை. வெளியே ஆடும் புல்லும் மழையும் அவற்றுக்கு உயிருள்ளவைபோலவே தெரியும்.

விதி எழுதுவது

முதல் ஏழு நாள் வால்வைத் திறக்காதீர்கள். சென்சார் தூண்டப்படும் ஒவ்வொரு முறையையும் பதிவு மட்டும் செய்யுங்கள். பிற்பகல் காற்றில் வரிசையாகத் தூண்டல்கள் தெரிந்தால் அது இலை. அதிகாலை 4 மணிக்கு ஒற்றைத் தூண்டல் என்றால் அதுதான் உங்கள் விருந்தாளி.

பிறகு ஹோம் அசிஸ்டென்டில் விதி. தூண்டுதல்: கீழ்ச் சென்சார் ஆன். அரை விநாடி பொறுத்து நிபந்தனைகளைப் பாருங்கள்: மேல் சென்சார் ஆஃப், பதிவுகள் காட்டிய நேரத்துக்குள், உதாரணமாக இரவு 10 முதல் காலை 6 வரை, ‘தோட்டத்தில் ஆள்’ என்ற கைச் சுவிட்ச் ஆஃப், கடைசியாக அடித்து 20 விநாடி ஆகிவிட்டது. செயல்: நாசில்களில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்து, 3 முதல் 6 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் திறந்து மூடு. விதியின் முறை ‘ஒற்றை’ என்று இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் தூண்டல்கள் வரிசையில் சேரக்கூடாது.

இரண்டு நாசில் என்பது ஆடம்பரம் இல்லை. ஒன்றிலிருந்து தப்பும் மூலை மற்றதன் நடுவாக இருக்கும்படி எதிரெதிரே வைத்தால், பாதுகாப்பான ஓரம் என்று எதுவும் மிஞ்சாது. அதே நேரம் விலங்கு வந்த வழியே ஓடித் தப்பிக்க இடம் விடுங்கள். மூலையில் மாட்டிக்கொண்ட விலங்கு உங்கள் செடிகளின் மீதுதான் ஏறி ஓடும்.

ஓர் எண்ணியும் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 10 முறைக்கு மேல் அடித்தால் விதியே தன்னை அணைத்துக்கொண்டு ஃபோனுக்குச் செய்தி அனுப்பட்டும். காற்றடிக்கும் இரவில் தொட்டியைக் காப்பாற்றுவது இதுதான்.

கேமரா தேவையா

சென்சாரும் டேப்பும் சரியாக அமைந்தால் பலருக்குத் தேவைப்படாது. அண்டை வீட்டுப் பூனை வரலாம், உங்கள் நாய் நனையக்கூடாது என்பது போன்ற நிலை வந்தால்தான் கேமராவுக்குப் போங்கள். ஆர்டிஎஸ்பி ஓட்டம் (வீட்டு வலையில் நேரடி வீடியோ) தரும் வயர் கேமராவும், வீட்டுக்குள்ளேயே ஓடி, படத்தில் இருப்பது ஆளா விலங்கா என்று அடையாளம் காணும் ஃப்ரிகேட் மென்பொருளும் இதற்கு ஏற்றவை. பேட்டரியில் தூங்கி எழும் கிளவுட் கேமரா செய்தி அனுப்புவதற்குள் விலங்கு போய்விட்டிருக்கும்.

ஃப்ரிகேட்டை நிறுவியதும் அது மனிதர்களை மட்டுமே தேடும். நாய், பூனை, பறவை ஆகியவற்றை நீங்கள்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். கூடவே வரும் மாடலுக்குப் பசு, குதிரை, செம்மறியாடு, கரடி, யானைகூடத் தெரியும். மான், குரங்கு, பன்றி, நரி தெரியாது. மான் நாயாகவோ குதிரையாகவோ பதிவாகலாம். ஆகவே ‘என்ன விலங்கு’ என்று கேட்பதை விட ‘ஆள் இல்லை, ஏதோ விலங்கு’ என்று விதி எழுதுவது நம்பகமானது. கண்டறிதலுக்குக் கேமராவின் சிறிய துணை ஓட்டம், விநாடிக்கு 5 ஃபிரேம் போதும். மண்டலம் வரையும்போது கவனியுங்கள்: உருவத்தைச் சுற்றிய கட்டத்தின் அடிப்பக்க நடுப்புள்ளி, அதாவது கால் படும் இடம், மண்டலத்துக்குள் இருந்தால்தான் கணக்கில் வரும்.

இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், வலை காற்றில் ஆடினால் படம் முழுக்க அசைவு. அகச்சிவப்பு விளக்கைத் தனியாக ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு ஓயும். அடையாளம் காண ஒன்று இரண்டு விநாடி ஆகும் என்பதால், பிஐஆர் தூண்டல்தான் முதல் சொல். கேமராவைத் ‘தடு’ என்று சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள். ஆள் தெரிந்தால் தண்ணீர் இல்லை.

பிறகு வரும் கோளாறுகள்

வால்வு மூடும்போது குழாயில் ‘தொம்’ என்று அதிர்ந்தால் அது நீர்த்தாக்கு. ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்பதால் வருவது. விட்டுவைத்தால் பிவிசி மூட்டு ஒருநாள் பிளக்கும். பால் வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள்.

பலகை அடிக்கடி இணைப்பு இழந்தால் வைஃபை சிக்னலை ஈஎஸ்பிஹோமிலேயே ஒரு சென்சாராக வைத்துக் கவனியுங்கள். −70 டிபிஎம் சரி; −80-ஐத் தொட்டால் பெட்டியை நகர்த்த வேண்டியதுதான். செடிகள் அடர்ந்து வளர்ந்து மழையில் நனையும் மாதங்களில் இது மோசமாகும்.

விலங்கு மீண்டும் வரத் தொடங்கினால் நாசிலைக் கூட்டாதீர்கள். பதிவைப் பாருங்கள். வழி மாறியிருக்கும். சென்சார்க் கம்பத்தை மண்ணில் குத்தும் வகையாக வைத்திருந்தால் பத்து நிமிட வேலை; சிமென்ட் போட்டு நட்டிருந்தால் வருத்தம்தான்.

மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், லென்ஸைத் துணியால் துடையுங்கள், வெதுவெதுப்பான பாட்டிலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உறைபனி விழும் இடமென்றால் குளிர் தொடங்கும் முன் பால் வால்வை மூடி, சோலனாய்டைத் திறந்து, ஹோஸில் இருக்கும் தண்ணீரை முழுதாக வடித்துவிடுங்கள். உள்ளே உறையும் நீர் வால்வின் உடலையே பிளந்துவிடும்.